பதினேழு நாளைக்கான விறகு

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. விடைபெறும் நாளில் படிப்பதற்கென்று, எங்கள் வட்டாரத்தின் இளைய செவிலியர்கள் ஒன்றைக் கேட்டார்கள்: "அக்கா, உங்க சர்வீஸ்லயே மறக்க முடியாத கேஸ் ஒண்ணு எழுதித் தாங்க." ஓடுகிற பேருந்தில் நான் பார்த்த பிரசவத்தை எழுதிக் கொடுத்தேன். தாயும் பிள்ளையும் நலம். எல்லோரும் கை தட்டினார்கள். அது நடந்ததுதான். ஆனால் அதை நான் எப்போதோ மறந்துவிட்டிருந்தேன், எழுதுவதற்காகத்தான் யோசித்து எடுத்தேன். மறக்க முடியாதது வேறு. அதை இப்போது எழுதுகிறேன்.

நான் சங்கரன்கோவில் டவுனில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் முதலில் மண்ணெண்ணெய் அடுப்பு, நான் பத்தாவது படிக்கும்போது கேஸ். விறகு என்றால் கல்யாண வீட்டுச் சமையலுக்கு வண்டியில் வந்து இறங்குவது என்று மட்டும் தெரியும். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம். ஊசி போட, இரத்த அழுத்தம் பார்க்க, பிரசவம் பார்க்க, ரிஜிஸ்டர் எழுதக் கற்றுக்கொண்டேன். முடித்ததும் பனவடலிசத்திரத்துப் பக்கம் ஒரு கரிசல் காட்டு ஊரில் கிராம சுகாதாரச் செவிலியராகப் போட்டார்கள். துணை சுகாதார நிலையத்திலேயே குடியிருப்பு. சுற்றியுள்ள ஐந்து ஊர்களுக்கும் நான்தான் நர்சம்மா.

போன புதிதில் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கர்ப்பிணிகளை வரச் சொல்வேன். பெஞ்சைத் துடைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒருத்தி, இரண்டு பேர் வருவார்கள். மற்றவர்களை நான் பொறுப்பில்லாதவர்கள் என்று நினைத்தேன். ஒருநாள் வாய்விட்டுத் திட்டியும் விட்டேன். ஆறு மாதக்காரி ஒருத்தி தலையில் முள் விறகோடு சென்டர் வாசலில் நின்று, "பத்து மணிக்கு வெயில் ஏறுததுக்குள்ள ஒரு கட்டு வெட்டிட்டு வந்தாத்தான் மத்தியானம் உலை வைக்க முடியும் நர்சம்மா. நீங்க மூணு மணிக்கு மேல கூப்பிடுங்க, ஊரே வரும்" என்றாள். மூன்று மணிக்கு மாற்றினேன். ஊரே வந்தது. நேரத்தை மாற்றினேனே தவிர, அந்த விறகைப் பற்றி அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

எனக்கு மேலே பகுதி சுகாதாரச் செவிலியராக எஸ்தர் மேடம் இருந்தார்கள். ஒடிசலான உடம்பு, கறுப்புக் குடை, கழுத்தில் நூல் கோத்துத் தொங்கும் சிவப்பு, நீலப் பேனாக்கள். பேருந்தை விட்டு இறங்கினால் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார்கள். ரிஜிஸ்டரை விரித்து, நான் பார்த்ததாக எழுதியிருக்கும் வீடுகளில் ஏதாவது ஒன்றில் விரலை வைப்பார்கள். "இந்த வீட்டுக்குப் போனியா?" என்று கேட்பதில்லை. "இந்த வீட்டுக் கதவு என்ன நிறம்?" என்று கேட்பார்கள். போகாமல் எழுதியவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை. ஒரு பேனாவின் மூடியைத் திறந்து ஒரு புள்ளி வைப்பார்கள். தப்புக்குச் சிவப்பு, சரிக்கு நீலம்; எந்தப் புள்ளி விழும் என்பதுதான் எங்களுக்கு எல்லாம். அவர்கள் கேட்கிற எந்த வீட்டின் கதவு நிறமும் எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கோமதி வீட்டுக் கதவு தகரம். பாதிவரை பச்சை பூசியிருக்கும். மீதிக்குப் பெயின்ட் பற்றவில்லை.

கோமதிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புருஷன் சுடலை கேரளாவில் ரோட்டு வேலைக்குப் போயிருந்தான், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். வீட்டில் மாமியார் வெள்ளையம்மா மட்டும். அந்த அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பு ஒடிந்து, சரியாகக் கூடாமல், ஒரு கம்பை ஊன்றி வீட்டுக்குள் நடப்பார்கள். குனிந்தால் நிமிர முடியாது. அதனால் அந்த வீட்டின் வேலை முழுவதும் கோமதியுடையது. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் குடம் வைக்க வேண்டும். இரண்டு ஆடுகளுக்குக் குழை ஒடிக்க வேண்டும். சோறு, குழம்பு, மாமியாருக்கு வெந்நீர், துணி. இதற்கெல்லாம் நடுவில் விறகு. அரசாங்கம் கொடுத்த கேஸ் அடுப்பு அந்த வீட்டிலும் இருந்தது. சிலிண்டர் காலியாகி, அதன்மேல் அரிசிப் பானையை வைத்திருந்தார்கள்.

ஏழாவது மாதம் முடியும்போது அவளுக்கு இரத்த அழுத்தம் நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு. நான் அவளைப் பத்து நிமிடம் படுக்க வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அதேதான். சிறுநீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, மேல் பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். கொதித்து மேலே வெள்ளையாகக் கலங்கியது. அமிலம் இரண்டு சொட்டு விட்டும் கலங்கல் போகவில்லை. கணுக்காலுக்கு மேலே எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். குழி விழுந்து அப்படியே நின்றது.

"யூரின்ல உப்பு இருக்கு கோமதி. பிரஷரும் ஏறுது. இனிமே நீ நல்லா ரெஸ்ட் எடுக்கணும். இடது பக்கமா சாஞ்சு படு. வாரா வாரம் டாக்டர்ட்ட காட்டணும். தலைவலி வந்தாலோ, கண்ணு மங்கலாத் தெரிஞ்சாலோ உடனே எனக்குப் போன் போடணும். தேதிக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில அட்மிட் ஆயிரணும்."

"பிள்ளை பெத்ததுக்கு அப்புறம் எத்தனை நாளு நர்சம்மா இருக்கணும்?"

"உனக்கு பிரஷர் இருக்குல்லா, ஒரு வாரம் வைப்பாங்க."

அவள் மடியில் கையை வைத்து விரல்களை மடக்கி எண்ணினாள். "பதினேழு நாளா" என்றாள். மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சரி நர்சம்மா, வாரேன்" என்றாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. எத்தனையோ பேர் அட்மிஷன் என்றதும் அழுவார்கள், சண்டை போடுவார்கள். இவள் மறுப்பே சொல்லவில்லை. கர்ப்பிணி அட்டையில் 'ஓய்வு எடுக்க அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதினேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாள். இரண்டு வாரம் காட்டவும் வந்தாள்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் ஓடைக்கரையில் அவளைப் பார்த்தேன். சீமைக்கருவை மண்டிக் கிடக்கும் இடம் அது. இடது கையில் கவைக்கம்பால் முள் கிளையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கை அரிவாளால் அடித்தூரில் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கட்டு ஏற்கெனவே கட்டிக் கிடந்தது. பச்சை மரம் என்பதால் அந்தக் கட்டு காய்ந்த விறகைப்போல இரண்டு மடங்கு கனம் இருக்கும். வயிறு இடிக்காமலிருக்க ஒருபக்கமாகத் திரும்பி நின்று வெட்டினாள். நான் என் மொபெட் வண்டியை நிறுத்தினேன்.

"ஏட்டி, உன்னை என்ன சொன்னேன் நான்? இது என்ன கோலம்?"

அவள் திடுக்கிட்டு அரிவாளைப் பின்னால் மறைத்தாள். "இன்னும் ரெண்டு மூணு கட்டுதான் நர்சம்மா. அப்புறம் தொடவே மாட்டேன்."

"பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட வந்து நிக்காதே" என்று சொன்னேன். எனக்குப் பன்னிரண்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதக் கூட்டம். வண்டியை எடுத்துவிட்டேன். அந்தக் கட்டை யார் தூக்கிவிடப் போகிறார்கள் என்றுகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கு ஆறாவது நாள், நான் பக்கத்து ஊரில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கோமதியின் எதிர்வீட்டுப் பெண். "நர்சம்மா, கோமதி விறகுகிட்ட விழுந்து கிடக்கா. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கு. வாயில நுரை வருது."

நூற்றியெட்டுக்குச் சொல்லிவிட்டு நான் போய்ச் சேரும்போது இழுப்பு நின்று, நினைவில்லாமல் கிடந்தாள். நாக்கைக் கடித்ததில் வாயெல்லாம் இரத்தம். ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைத் துடைத்தேன். அவள் உள்ளங்கை முழுவதும் முள் கீறல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இழுப்புக்கான ஊசி போட்டு, சங்கரன்கோவில், அங்கிருந்து திருநெல்வேலி. வண்டியில் நான் கூடவே போனேன். அன்று சாயங்காலமே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். சிறியது, ஆனால் அழுதது. கோமதிக்குத் தலைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள். கண்ணைத் திறக்கவே இல்லை. சுடலை கேரளாவிலிருந்து வந்து சேர்ந்தபோது அவனிடம் "பிள்ளை நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

தாய் இறந்தால் விசாரணை உண்டு. அந்த வீட்டுக்குப் போய், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். எஸ்தர் மேடம் வந்தார்கள். நானும் போனேன். பச்சைத் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், வெள்ளையம்மா எதிரில் மேடம் தரையிலேயே உட்கார்ந்தார்கள்.

"அன்னைக்குக் காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க. என்ன செஞ்சா?"

"எந்திரிச்சா. வாசல் தெளிச்சா. ஆட்டைப் பிடிச்சுக் கட்டுனா. தண்ணி வந்துச்சு, எட்டுக் கொடம் எடுத்தா."

"எட்டையும் அவளேவா?"

"வேற யாரு இருக்கா தாயி? எனக்குத்தான் இந்தக் கம்பு இல்லாம அசைய முடியாதே. அப்புறம் கஞ்சி காய்ச்சி எனக்கு ஊத்துனா. 'தலை வலிக்கி அத்தை'ன்னா. 'படு மக்கா'ன்னேன். 'இந்தத் தூரை மட்டும் பிளந்து போட்டுட்டுப் படுக்கேன்'னா. கோடாலியை எடுத்தா."

மேடம் எழுதிக்கொண்டே நிமிர்ந்து முற்றத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். சுவரை ஒட்டி, இடுப்பளவு உயரத்துக்கு, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரை விறகு. அடியில் தூர்க்கட்டை, அதன்மேல் கைத்தடிமன் உள்ளவை, மேலே அடுப்பு பற்றவைக்கும் சுள்ளி. ஒரே நீளத்துக்கு நறுக்கி, முள்ளெல்லாம் செதுக்கி எடுத்து, குனியாமல் எடுக்கிற மாதிரி ஒரு கல்மேடையில் அடுக்கியிருந்தாள்.

"இவ்வளவு விறகு எதுக்கு?" என்று மேடம் கேட்டார்கள்.

வெள்ளையம்மா என்னைக் கை காட்டினார்கள். குற்றம் சொல்வதாக அல்ல, சாதாரணமாகத்தான். "நர்சம்மா ஆஸ்பத்திரியில பதினேழு நாளு படுக்கணும்னு சொன்னாகல்லா. அத்தனை நாளும் நான் விறகுக்கு என்ன செய்வேன்னு அவளுக்குக் கவலை. அப்புறம் பிள்ளைக்கும் அவளுக்கும் நாப்பது நாளு வெந்நி போடணுமே. 'எல்லாத்துக்கும் சேத்து வெட்டிப் போட்டுட்டுப் போறேன் அத்தை, நீங்க யாருட்டயும் போய்க் கேக்க வேண்டாம்'னா. முள்ளு குத்துமேன்னு ஒவ்வொண்ணா செதுக்குனா."

நான் படு என்று சொன்னதால் அவள் வெட்டியிருக்கிறாள். நான் சொல்லாமல் இருந்திருந்தால், தினமும் அன்றைக்கு வேண்டியதை ஒடித்துக்கொண்டு வந்திருப்பாள்.

திரும்பி வரும் வழியில் பேருந்து நிற்கும் இடத்தில், வேப்பமர நிழலில் மேடம் குடையை மடக்காமலே நின்றார்கள். பேருந்து வரும் திசையைப் பார்த்தபடியே கேட்டார்கள்.

"ரெஸ்ட் எடுன்னு சொன்ன. அதுக்கப்புறம் அந்த வீட்டுல யாரு விறகு வெட்டுவான்னு கேட்டியா?"

"கேக்கல மேடம்."

"ம்."

பிறகு கைப்பையிலிருந்து விசாரணைப் படிவத்தை எடுத்து, குடையை என் கையில் கொடுத்துவிட்டு, முழங்கையில் வைத்து எழுதினார்கள். எழுதியதை என்னிடம் காட்டினார்கள். 'ஓய்வு எடுக்க அறிவுறுத்தப்பட்டது. பயனாளி பின்பற்றவில்லை.'

"மேடம், அது அப்படி இல்ல..."

"தெரியும். இதுல விறகுக்குக் கட்டம் கிடையாது. இதை விட்டா 'செவிலியர் கண்காணிப்பு போதவில்லை'ன்னுதான் எழுதணும். ஒனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளை இருக்கு. கையெழுத்துப் போடு."

போட்டேன். அவர்கள் என்னைக் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு, தாங்கள் ஓய்வு பெறும்வரை, ரிஜிஸ்டரில் கோமதியின் பக்கத்தை அவர்கள் திறக்கவே இல்லை. எந்த நிறத்திலும் புள்ளி வைக்கவில்லை.

மாவட்டத்தில் நடந்த விசாரணைக் கூட்டத்துக்குச் சுடலையையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு அதிகாரி அந்த இரண்டு வரியை வாசித்தார். "நர்சு சொல்லியிருக்காங்க, உங்க மனைவி கேக்கலை, பாருங்க" என்றார். சுடலை கை கட்டி நின்று தலையாட்டினான். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

குழந்தையைப் பார்க்க நான் போய்த்தானே ஆக வேண்டும். எடை பார்க்க, ஊசி போட. முதல் முறை போனபோது வெள்ளையம்மா கம்பை ஊன்றி நின்றபடியே அடுக்கிலிருந்து மூன்று கட்டை எடுத்து வெந்நீர் வைத்தார்கள். அடுத்த முறை அடுக்கு ஒரு முழம் இறங்கியிருந்தது. அதற்கடுத்த முறை சுவரில் பாதி தெரிந்தது. சுடலை மறுபடி கேரளாவுக்குப் போகாமல் ஊரிலேயே கூலி வேலைக்குப் போனான், அவன் கொண்டுவந்த விறகு தனியாகக் கிடந்தது. பிள்ளைக்கு வெந்நீர் வைக்க மட்டும் அந்த அம்மா கோமதி வெட்டியதைத்தான் எடுத்தார்கள். குழந்தைக்குத் தலை நிற்கிற வரைக்கும் அது வந்தது.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் வெறுமனே ரெஸ்ட் எடு என்று சொன்னதில்லை. தண்ணீர் யார் எடுப்பா, விறகு யார் வெட்டுவா, ஆட்டை யார் பார்ப்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அந்த ஆளை முன்னால் வரச் சொல்லி ஒத்துக்கொள்ள வைப்பேன். இளையரசனேந்தல் பக்கம் மாற்றலாகிப் போனபோது ஒரு வீட்டில், புருஷன் கோடாலியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். "இந்த நர்சம்மாவுக்கு விறகுக் கிறுக்கு" என்று ஊரில் சொல்வார்கள். சில வீடுகளில் நடந்தது. பல வீடுகளில், நான் தெரு திரும்பியதும் அவளே அரிவாளை எடுத்துக்கொண்டு போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

சர்வீஸின் கடைசி இரண்டு வருடம் பழைய இடத்துக்கே வந்தேன். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கப் போனபோது ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி, கோமதியின் நெற்றியும் மூக்குமாக நின்றாள். பெயர் செல்வி. மாத்திரையை எல்லோருக்கும் முன்னால் முதலில் விழுங்கினாள். நான் சும்மா, "நல்ல பிள்ளை" என்றேன்.

"எங்கம்மா நர்சம்மா சொன்ன பேச்சைக் கேக்காமத்தான் செத்துப் போச்சாம். எங்கப்பா சொல்லுவாக. அதான் நான் எல்லாம் கேட்டு நடப்பேன்" என்றாள். பாடத்தை ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னாள், துக்கமே இல்லை. எந்த நர்சம்மா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னும் இரண்டு வருடம் வேலை இருந்தது.

ஓய்வு பெற்று ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். வெள்ளையம்மா போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. சுடலைக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க நர்சம்மா, உக்காருங்க" என்றான். நான் உட்காராமலே சொன்னேன். பதினேழு நாள் என்று விரல் மடக்கி எண்ணியது, ஓடைக்கரையில் நான் திட்டிவிட்டுப் போனது, அவனுடைய அம்மா சொன்னது, படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டது. ஒன்றையும் விடவில்லை.

"அம்மை எங்கிட்ட விறகு வெட்டுனா, விழுந்தான்னுதான் சொன்னா. ஏன் வெட்டுனான்னு நான் கேக்கவே இல்ல" என்றான். "அப்போ அவ பேச்சு கேக்காம இல்ல."

"இல்ல சுடலை. ஆஸ்பத்திரிக்கு வாரதுக்குத்தான் வெட்டுனா."

"பதினஞ்சு வருசமா அவளை வஞ்சுக்கிட்டு இருக்கேன் நர்சம்மா. குடிச்சாலும் வைவேன், குடிக்காட்டாலும் வைவேன். பிள்ளையைப் போட்டுட்டுப் போயிட்டாளேன்னு."

என்னை அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டான்.

"ஏட்டி செல்வி, இங்கன வா."

அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இந்த அம்மா சொல்லுதாக, கேளு" என்றான். பிறகு என்னிடம், "மொதல்ல இருந்து சொல்லுங்க. எங்கிட்ட சொன்ன மாதிரியே. எதையும் விட்டுராதீக" என்றான்.

சொன்னேன். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. கேட்டு முடித்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கு ஓடைக்கரையில நீங்க வண்டியைத் திருப்பி எங்கம்மாவை ஏத்திட்டு வந்திருக்கலாம்லா?"

"ஏத்திட்டு வந்திருக்கலாம்" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் மறுபடி கேட்டது. சுடலை தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தான். நான் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. வெளியே வந்து, வெயிலில், பேருந்துக்கு நடந்தேன்.